சில மணி நேரம் மூத்தவன்



தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி முடித்து வந்த இளைஞர் ஒருவர் போன இதழில் எழுதிய கட்டுரை உங்களை இப்படி உசுப்பிவிடும் என்று நான் நினைக்கவில்லை. வழக்கமாக நமக்குக் கடிதம் எழுதுபவர்கள் பெண்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும்தான். இந்த முறை ஆண்கள் கிளம்பிவிட்டார்கள். டாக்சி ஓட்டுகிறவர், வங்கி அதிகாரி, கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், தமிழில் எழுதிப் பல வருடம் ஆயிற்று என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பக்கம் பக்கமாக எழுதியவர் என்று வரிசை நீள்கிறது. எல்லாரிடமும் ஒரு சார்ஜெண்ட் கதை இருக்கிறது. எல்லாச் சார்ஜெண்டும் ஒரே சுருதியில்தான் கத்தியிருக்கிறார்கள்.

கடிதங்களில் பாதி, ஒரே கேள்வியில் வந்து முடிகிறது: ஆசிரியர் எந்த யூனிட்?

இந்த ஊரில் இரண்டு ஆண்கள் அறிமுகமாகிக் கோப்பி ஆறுவதற்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. தெரிந்த யூனிட் என்றால் பேச்சு தொடரும். தெரியாத யூனிட் என்றால் இன்னும் வேகமாகத் தொடரும். நான் சொல்லும் பதிலில் மட்டும்தான் பேச்சு நின்றுபோகும். எந்த யூனிட்டும் இல்லை ஐயா. என் பிறப்புச் சான்றிதழில் 1948 டிசம்பர் 31 என்று இருக்கிறது. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்கு முதன்முதலாகப் பெயர் பதியச் சொன்னது 1949 ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை பிறந்தவர்களை.

ஒரு நாள் வித்தியாசம். அந்த ஒரு நாளிலும் ஒரு வில்லங்கம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

தேசிய சேவை என்பது கடல், மழை மாதிரி இந்தத் தீவில் எப்போதும் இருந்தது என்று இளைய வாசகர்கள் நினைக்கக்கூடும். 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் தனி நாடானபோது நம்மிடம் இருந்தது இரண்டு காலாட்படைப் பட்டாளம், ஏறக்குறைய ஆயிரம் பேர். அவர்களிலும் பலர் மலேசியர்கள். அதே ஆண்டு மார்ச்சில்தான் ஆர்ச்சர்ட் ரோட்டு மெக்டொனால்ட் ஹவுஸில் இந்தோனேசியர்கள் வைத்த குண்டு வெடித்து மூன்று பேர் செத்திருந்தார்கள். ராணுவம் கட்டத் தெரிந்தவர்கள் யாரும் இங்கே இல்லை. அப்போது பிரதமராக இருந்த லீ குவான் இயூ தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்: ஐந்து பட்டாளங்களை உருவாக்க ஒரு ஆலோசகரை அனுப்பும்படி அவர் கடிதம் எழுதியது இந்தியாவின் லால் பகதூர் சாஸ்திரிக்கு. கடலோரக் காவலுக்கு எகிப்தின் நாசரிடம் கேட்டார். இரண்டு இடத்திலிருந்தும் நல்ல வார்த்தை வந்தது, ஆள் வரவில்லை. வந்தவர்கள் இஸ்ரேலியர்கள். அக்கம்பக்கத்து நாடுகளுக்கு உறுத்தக்கூடாதே என்று அவர்களுக்கு 'மெக்சிகோக்காரர்கள்' என்று பெயர் வைத்தார்கள். சாஸ்திரி சரி என்று சொல்லியிருந்தால் நம் பையன்களுக்குக் கட்டளையிட ஒரு மதராஸ் ரெஜிமென்ட் ஹவில்தார் வந்திருப்பாரோ என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.

தற்காப்பைக் கவனித்த டாக்டர் கோ கெங் சுவீ பொருளியல் படித்தவர். சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பெரிய படை நடத்தினால் நாடு தாங்காது என்பது அவர் போட்ட கணக்கு. 1967 மார்ச் 14 அன்று நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. இரண்டே வாரத்தில், மார்ச் 28 அன்று, காலாங்கில் பதிவு தொடங்கிவிட்டது. ஏப்ரல் 18க்குள் எல்லாரும் வந்துவிட வேண்டும்.

எங்கள் வீடு செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா அங்கே கப்பலுக்குச் சாயம் அடிக்கும் பகுதியில் வேலை பார்த்தார். செய்தி வந்த அன்று ஆண்கள் அதைச் சட்டம் என்றார்கள். பெண்கள், 'புள்ளைகளப் புடிக்கிறானாம்' என்றார்கள். அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் என் பெரியப்பாவை ஜொகூர் ரப்பர் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றினார்கள். சம்பளம் உண்டு, அரிசி உண்டு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. பெரியப்பா வரவில்லை. அங்கே இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து போய் மடிந்த பல்லாயிரம் தமிழர்களுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பெரியம்மா பொட்டைக் கலைக்காமலே கிழவியானார். அப்படி ஒரு வீட்டில், அரசாங்கம் ஆண்பிள்ளைகளைப் பெயர் எழுதிக் கேட்கிறது என்றால் அம்மாவுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வராது.

அதே வரிசையில் நாலு வீடு தள்ளி இன்னொருவர் இருந்தார். 1943இல் தானாகப் போய் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். அந்த ஆண்டு ஜூலை 5 அன்று பாடாங் திடலில் நேதாஜி அணிவகுப்பைப் பார்வையிட்டபோது அணியில் நின்றவர். அவருக்குச் சீருடை என்பது ஆண்பிள்ளைக்குக் கொடுத்துவைத்த சங்கதி. பதிவு அறிவிப்பு வந்ததிலிருந்து சாயங்காலம் ஆனால் எங்களைப் பிடித்து வெளியே நிறுத்தி லெஃப்ட் ரைட் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு வயசு ஒத்துவரவில்லை என்று தெரிந்தும் என்னை விடவில்லை. அம்மா சன்னல் வழியாக அவரைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை.

கோப்பிக்கடைச் சீனருக்கும் மகன் இருந்தான். நல்ல இரும்பை ஆணியாக அடிக்கமாட்டார்கள், நல்ல பிள்ளையைச் சிப்பாயாக்கமாட்டார்கள் என்று அவர்கள் ஊர்ப் பழமொழியைச் சொல்லி மலாயில் புலம்புவார். 1954இல் பிரிட்டிஷ்காரர்கள் இதையே செய்யப் பார்த்து, மே 13 அன்று சீனப் பள்ளி மாணவர்கள் திரண்டு எதிர்த்துப் போலீசிடம் அடி வாங்கியிருக்கிறார்கள். நாட்டை ஆளுவது நீ, சாவது மட்டும் நாங்களா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். 1967இல் அந்தப் பழைய சட்டத்தையே திருத்திக் கொண்டுவந்தார்கள். ஆனால் இப்போது ஆளுவது நாம் தேர்ந்தெடுத்தவர்கள். அதனால் முணுமுணுப்பு இருந்தது, 1954 போலத் தெரு பற்றி எரியவில்லை.

என் நண்பன் ஒருவன், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, பிப்ரவரியில் பிறந்தவன். காலாங்குக்கு அவனோடு நானும் போனேன், துணைக்கு. வாசலில் இருந்த ஆள் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். உனக்கு இங்கே வேலை இல்லை, வெளியே நில் என்றார். வெயிலில் நின்றேன். உள்ளே நீண்ட வரிசையில் என் வயசுப் பையன்கள் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பத்தொன்பது வயசுகூட முடியாதவனுக்கு வேறு என்ன இருக்கும்?

அந்தப் பதிவில் வந்தவர்கள் ஏறத்தாழ 9,000 பேர். எல்லாரையும் வைத்துப் பயிற்சி கொடுக்க முகாமும் இல்லை, பயிற்றுநர்களும் இல்லை. இரண்டு ஆண்டு முழுநேரச் சேவைக்கு எடுத்துக்கொண்டது 900 பேரைத்தான். மீதிப் பேர் பகுதிநேரமாக மக்கள் தற்காப்புப் படைக்கும், சிறப்புக் காவலர் படைக்கும், விஜிலான்டே கோர் என்று நாங்கள் சொன்ன குடிமக்கள் காவல் படைக்கும் போனார்கள். ஆகவே தப்பியவர்களிலும் படிநிலை உண்டு. பெயர் பதிந்து, பயந்து, கடைசியில் பகுதிநேரத்தோடு தப்பியவர்கள் ஒரு ரகம். வாசலோடு திரும்பிய நான் இன்னொரு ரகம். பத்தில் ஒருவனாக மாட்டியவன் என் நண்பன்.

ஆகஸ்ட் மாதம் சமூக நிலையத்தில் வழியனுப்பு விருந்து வைத்தார்கள். தீவு முழுக்க அப்படி வைத்தார்கள், தலைவர்கள் வந்து பேசினார்கள். எங்கள் வட்டாரத்தில் மாலை, பட்டாசு, சிங்க நடனம் எல்லாம் இருந்தது. நண்பனின் அம்மா ஒரு தூக்குச்சட்டியில் எலுமிச்சஞ்சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதிகாரி புன்னகையோடு வேண்டாம் என்றார். அந்த அம்மாவும் புன்னகையோடு அதைப் பையன் மடியில் வைத்தார். ஆகஸ்ட் 17 அன்று லாரி கிளம்பியபோது அந்தச் சட்டியும் போனது. தாமான் ஜூரோங்கில், குடியிருப்பதற்காகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளையே முகாமாக்கியிருந்தார்கள். மூன்றாவது, நான்காவது காலாட்படைப் பட்டாளங்கள் அங்கேதான் உருவாயின.

முதல் விடுப்பில் வந்தவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கறுத்து, இளைத்து, மடிப்புக் கலையாத சட்டையோடு நின்றான். வாயைத் திறந்தால் மலாய்க் கட்டளைகள்: செடியா, செனாங் டிரி, செப்பாட் ஜாலான். இடையிடையே ஹொக்கியன் வசவுகள். பள்ளியில் பத்து வருடம் எங்களோடு படித்த சீனப் பையன்களிடம் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளாதவன், மூன்றே மாதத்தில் ஹொக்கியனில் கடன் கேட்கவும் சண்டை போடவும் பழகியிருந்தான். என்னடா செய்கிறீர்கள் அங்கே என்று கேட்டேன். அவன் சொல்லத் தொடங்கினான். நான் கேட்கத் தொடங்கினேன். அறுபது வருடம் ஆகப்போகிறது, இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நான் அந்த ஆண்டே ஒரு தமிழ் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி கேட்ட முதல் கேள்வி தமிழ் இலக்கணம் பற்றியது அல்ல. 'ஒன்னைய பட்டாளத்துக்குக் கூப்பிடுவாங்களா தம்பி?' இல்லை என்றேன். நாளைக்கு வா என்றார். பழகின பையன் பாதியில் போய்விட்டால் அச்சுக் கோக்க ஆள் தேட வேண்டுமே என்ற கவலை அவருக்கு. என்னைவிட நன்றாகத் தமிழ் எழுதிய, ஆனால் 1949இல் பிறந்த ஒருவன் அதே வேலைக்கு வந்து திரும்பிப் போனான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இந்த இதழும் இந்தப் பக்கமும் அந்த வேலையிலிருந்து முளைத்தவை.

1968 ஜனவரியில் பிரிட்டன், 1971க்குள் படைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று அறிவித்தது. செம்பவாங் இருண்டுபோயிற்று. பட்டாளம் வருகிறதே என்று பயந்த அதே குடியிருப்பு, பட்டாளம் போகிறதே என்று பயந்தது. சிலர் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு ரஜூலா கப்பலில் ஏறி நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தார்கள். அப்பா போகவில்லை. தளம் கப்பல் பட்டறையானது, அவர் அதே கப்பல்களுக்குப் பட்டறைச் சம்பளத்தில் சாயம் அடித்தார். வெள்ளைக்காரன் போகிறான் என்று தெரிந்த பிறகு, பிள்ளைகளைப் பிடிக்கிறான் என்ற பேச்சு எங்கள் வரிசையில் மெல்ல அடங்கியது. 1951இல் பிறந்த என் தம்பிக்கு அழைப்பு வந்தபோது அம்மா அழவில்லை. எத்தனை ஜோடி பனியன் எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் விசாரித்தார்.

இப்போது அந்த வில்லங்கத்துக்கு வருகிறேன்.

எழுபதுகளின் நடுவில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பொருத்தம் பார்க்க ஜாதகம் இல்லை. தேக்காவிலிருந்து ஜோசியர் ஒருவரை அப்பா வீட்டுக்கே அழைத்து வந்தார். பிறந்த நேரம் என்ன என்று கேட்டார். அம்மா அடுக்களையிலிருந்தே சொன்னார்: 'மார்கழி அமாவாசைக்கு மறுநாள், வெள்ளிக்கெழம ராத்திரி. துறையில நின்ன கப்பலெல்லாம் ஊதி ஓஞ்சு, வெள்ளக்காரன் பாட்டும் கூத்தும் அடங்கினப்புறம். சேவல் இன்னும் கூவல.'

ஜோசியர் உத்திராடம் என்று எழுதினார். எழுதிவிட்டுப் பென்சிலை நிறுத்தினார். கப்பல்கள் ஏன் ஊதின? ஆங்கிலப் புத்தாண்டுக்கு. எப்போது ஊதும்? ராத்திரி பன்னிரண்டுக்கு. 'அப்படின்னா சனிக்கிழமையில்ல ஆயிடுது ஆச்சி? ஜனவரி ஒண்ணு.'

'விடியாம எப்படிய்யா சனிக்கிழமை ஆவும்?' என்றார் அம்மா.

நம் கணக்கில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். அப்பா பதியப் போன இடத்தில் வெள்ளிக்கிழமை ராத்திரி என்று சொல்லியிருக்கிறார். எழுதியவர் வெள்ளிக்கிழமையின் தேதியைப் போட்டிருக்கிறார். அது 1948 டிசம்பர் 31. யாரும் பொய் சொல்லவில்லை. சூரியனைப் பார்த்து நாள் எண்ணும் ஒரு கிராமத்து மனுஷி, கடிகாரத்தைப் பார்த்து நாள் எண்ணும் ஒரு அரசாங்கத்திடமிருந்து தன் பிள்ளையைத் தனக்கே தெரியாமல் ஒளித்துவைத்துவிட்டார். அப்பா எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். ஜோசியருக்கு அன்று தட்சணை கூடுதலாகக் கிடைத்தது.

நண்பனிடம் சொன்னபோது அவன் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. 'அப்ப நீ எனக்கு ரெண்டு வருஷம் பாக்கிடா' என்றான். அந்தப் பாக்கியை இன்றுவரை வசூலித்துக்கொண்டிருக்கிறான், பெரும்பாலும் கோப்பியாக.

வருத்தமா என்று கேட்பீர்கள். தேசிய தினத்துக்கு முந்தின வாரம் வானொலியில் பேசக் கூப்பிட்டால், ஆமாம், அந்த அனுபவத்தை இழந்துவிட்டேன் என்று சொல்வதுதான் முறை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இரண்டு ஆண்டில் நான் ஈய எழுத்துகளைத் தலைகீழாகப் படிக்கக் கற்றேன். ஓடச் சொன்னால் மூச்சு வாங்கும் உடம்பு என்னுடையது. அணியில் நின்றிருந்தால் மோசமான சிப்பாயாகத்தான் இருந்திருப்பேன். அதே சமயம் தப்பித்ததைச் சாமர்த்தியமாகப் பேசிக்கொள்ளவும் என்னிடம் ஒன்றும் இல்லை. ஆயுதம் ஏந்தமாட்டோம் என்று மனசாட்சிப்படி மறுத்து, அதற்காகச் சிறையில் இருந்த யெகோவாவின் சாட்சிகள் இந்த ஊரில் உண்டு. 1972இல் அவர்களுடைய சபையின் பதிவையே ரத்து செய்தார்கள். அவர்கள் சொல்வதை நான் ஏற்கிறேனா என்பது வேறு பேச்சு. அவர்கள் விலை கொடுத்தார்கள். எனக்கு இலவசமாகக் கிடைத்தது.

இழந்தது ஒன்று உண்டு என்றால் அது பேச்சுதான். அலுவலகத்தில் என்னோடு இருந்த இளையவர்கள் ஒவ்வொரு வருடமும் ரிசர்விஸ்ட் என்று முகாமுக்குப் போவார்கள். மேலதிகாரி அங்கே சாதாரணச் சிப்பாயாகவும், அவருக்குக் கீழே வேலை பார்த்தவர் அங்கே லெஃப்டினென்டாகவும் இருந்த கதைகளோடு திரும்புவார்கள். உடல்தகுதித் தேர்வில் 2.4 கிலோமீட்டர் ஓடி முடிக்க வேண்டுமே என்று தீபாவளிப் பலகாரத்தைத் தள்ளிவைப்பார்கள். நண்பன் நாற்பது வயதில் அந்தக் கடமையிலிருந்து விடுபட்டபோது விருந்து வைத்தான். வந்திருந்த ஆண்களில் பாதிப்பேரை எனக்குத் தெரியாது. தமிழர், மலாய்க்காரர், சீனர், ஒரு யூரேசியர். ஒருவர் பேச ஆரம்பித்ததை மற்றவர் முடித்தார். நானும் அவர்களோடு சிரித்தேன், எதற்கு என்று பாதி புரியாமலே.

ஆனால் ஒன்று. அனுபவம் இல்லாதவனிடம்தான் எல்லாரும் விளக்கமாகச் சொல்வார்கள். அங்கே இருந்தவனிடம் 'அந்தச் சார்ஜெண்ட்' என்றால் போதும். என்னிடம் அவர் மீசை எப்படி, எந்த வார்த்தையில் திட்டினார், அன்று மழையா வெயிலா என்று எல்லாம் சொல்லியாக வேண்டும். பத்திரிகைக்காரனுக்கு இதைவிட வசதி வேறென்ன?

அதனால்தான் இந்த வேண்டுகோள். 2027இல் தேசிய சேவைக்கு அறுபது ஆண்டு நிறைகிறது. நாமும் ஒரு சிறப்பிதழ் கொண்டுவருகிறோம். முதல் 900 பேரைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியிருக்கிறார்கள், இனியும் எழுதுவார்கள். எனக்கு வேண்டியவர்கள் அந்த மீதி எட்டாயிரம் சொச்சம் பேர். பகலில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பயிற்சிக்கு ஓடியவர்கள், இருவர் இருவராக ராத்திரியில் தெருக் காவல் நடந்தவர்கள். நீங்கள் செய்தது சேவை மாதிரியே இல்லை என்று நீங்களே நினைத்து யாரிடமும் சொல்லாமல் விட்டிருப்பீர்கள். அதை எழுதுங்கள். அடுத்து, அம்மாக்கள், அக்காக்கள், அப்போது கல்யாணம் நிச்சயமாகிக் காத்திருந்த பெண்கள். வயசு எண்பதையும் தொண்ணூறையும் தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதி அனுப்புங்கள். திருத்தி நல்ல தமிழாக்க வேண்டாம். அந்த வேலையைக் கெடுக்க இங்கே நான் இருக்கிறேன்.

ஜனவரி இறுதிக்குள் வந்துசேர்ந்தால் நல்லது. கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. பழைய படங்கள் இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள், மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நம் அலுவலகத்தில் காகிதம் பத்திரமாக இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்